கல்விசார் சங்கத்தின் நடத்தை நெறி: விசாரிக்கும் அதிகாரம் சங்கத்துக்கு இருக்க வேண்டுமா?

ஏட்டுச்சுவடி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்கீழ் பதிவான ஒரு சிறிய ஆய்வாளர் சங்கத்தின் நடத்தை நெறி வரைவுக் குழுவில் இருக்கிறேன். சங்கத்தின் பெயர் இங்கே தேவையில்லை. நெறிகளைப் பட்டியலிடுவதில் எங்களுக்குள் வேறுபாடு எழவில்லை. பிறர் எழுத்தைத் தன் எழுத்தாகக் காட்டக் கூடாது, தரவைப் புனையக் கூடாது, மாணவரின் உழைப்புக்கு உரிய பெயரைத் தர வேண்டும், தகவல் தந்தவர்களுக்குத் தீங்கு நேர விடக் கூடாது என்று ஒரு பக்கத்துக்குள் முடித்துவிட்டோம். தகராறு எல்லாம் அடுத்த பிரிவில்தான். இப்போதுள்ள வாசகம் இது: "உறுப்பினர் எவரும் மற்றோர் உறுப்பினர்மீது செயற்குழுவிடம் எழுத்துமூலம் முறையிடலாம், செயற்குழு விசாரித்து, கண்டனம் முதல் உறுப்பினர் நீக்கம் வரை தக்க நடவடிக்கை எடுக்கலாம்."

குழுவில் பாதிப்பேர் இது போதும் என்கிறார்கள். மீதிப்பேர் விசாரணையே வேண்டாம், நெறியை அச்சிட்டு உறுப்பினர் கையில் கொடுத்தால் நம் வேலை முடிந்தது என்கிறார்கள். இரண்டாம் அணியினர் காட்டும் முன்மாதிரி அமெரிக்க மானிடவியல் சங்கம். 1902-இல் தொடங்கப்பட்ட அந்தச் சங்கம் 1990-களின் பிற்பகுதியில் உறுப்பினர்மீதான முறையீடுகளை விசாரிப்பதைக் கைவிட்டு, நெறியைக் கற்பிப்பதோடு நிறுத்திக்கொண்டது. அமெரிக்க வரலாற்றுச் சங்கமும் 2003-இல் அதே முடிவுக்கு வந்தது. அவ்வளவு பெரிய சங்கங்களே கைகழுவிய வேலையை நாம் ஏன் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறார்கள். அவை ஏன் கைகழுவின என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் அடுத்த கூட்டத்துக்கு உதவும்.

---

கள ஆய்வாளி

மானிடவியல் சங்கத்தின் கதையை 1990-களிலிருந்து தொடங்கினால் எதுவும் விளங்காது. 1919-இலிருந்து தொடங்க வேண்டும்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் உளவுப் பிரிவுக்காகச் சில தொல்லியலாளர்கள் மெக்சிகோவிலும் நடு அமெரிக்காவிலும் வேலை பார்த்தார்கள். வெளியே சொன்னது மாயா இடிபாடுகளை ஆராய்கிறோம் என்பது. உள்ளே நடந்தது ஜெர்மன் நீர்மூழ்கிகளுக்கு ஒதுங்கிடம் ஏதும் உண்டா என்று கடற்கரையோரமாகத் தேடி, வரைபடம் எழுதி, அறிக்கை அனுப்பும் வேலை. இது ஃபிரான்ஸ் போவாஸின் காதுக்கு எட்டியது. அவர் அமெரிக்க மானிடவியலை ஒரு துறையாக நிலைநிறுத்தியவர், அந்தச் சங்கத்தின் முன்னாள் தலைவர், ஜெர்மனியில் பிறந்தவர், போரை வெளிப்படையாக எதிர்த்தவர். 1919 டிசம்பர் 20 அன்று 'தி நேஷன்' இதழில் அவரது கடிதம் வெளியானது. குறைந்தது நான்கு பேர் ஆய்வாளர் என்ற போர்வையில் ஒற்றுவேலை செய்தார்கள், அப்படிச் செய்தவர் அறிவியலாளர் என்று சொல்லிக்கொள்ளும் தகுதியை இழக்கிறார், இனிமேல் நேர்மையாக அயல்நாட்டுக்குப் போகும் ஆய்வாளரையும் அங்குள்ளவர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள் என்பது அதன் சாரம். அந்த நால்வரின் பெயரை மட்டும் அவர் எழுதவில்லை.

பத்து நாள் கழித்து, டிசம்பர் 30 அன்று, மாசச்சூசெட்ஸில் உள்ள கேம்பிரிட்ஜில் சங்கம் கூடியது. ஒற்றுவேலை நடந்ததா என்பது அங்கே விவாதப் பொருளாகவே இல்லை. போவாஸின் கடிதம் நியாயமற்றது, சங்கத்தின் கருத்தைப் பிரதிபலிக்காதது என்று கண்டனத் தீர்மானம் கொண்டுவரப்பட்டு 20-க்கு 10 என்ற கணக்கில் நிறைவேறியது. சங்கத்தின் ஆட்சிக்குழுவிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்தவர்களில் சாமுவேல் லாத்ரப், சில்வேனஸ் மோர்லி, ஹெர்பர்ட் ஸ்பிண்டன் ஆகிய மூவரும் இருந்தார்கள். போவாஸ் பெயர் சொல்லாமல் சுட்டிய நால்வரில் மூவர் இவர்களே என்பது பிற்கால ஆவண ஆய்வில் தெரியவந்தது. நான்காமவரான ஜான் மேசன் அப்படி வாக்களிக்கவில்லை. நாட்டுக்குக் கடமை என்று நினைத்துச் செய்தேன் என்று போவாஸுக்குத் தனியாகக் கடிதம் எழுதினார்.

கண்டனத்தைச் சங்கம் முறைப்படி விலக்கிக்கொண்டது 2005-இல். போவாஸ் இறந்தது 1942-இல்.

---

தராசு

நான் துறைக்காரன் இல்லை. சட்டம் படித்து, சங்கங்களின் உள்விவகார வழக்குகளைப் பார்ப்பவன். கள ஆய்வாளி அவர்கள் எழுதியதில் எனக்கு முதலில் உறுத்துவது அந்த மூவரின் வாக்குதான். தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக அமரக் கூடாது என்பது இயற்கை நீதியின் பாலபாடம். ஆனால் அந்த அவையில் எழுந்து "நீங்கள் வாக்களிக்கத் தகுதியற்றவர்" என்று சொல்ல ஒருவராலும் முடிந்திருக்காது, ஏனென்றால் குற்றம் சாட்டப்பட்டவர் யார் என்பதே பதிவில் இல்லை. பெயரை மறைத்தது போவாஸின் கண்ணியம் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கண்ணியத்தின் பயனை முழுக்க அனுபவித்தவர்கள் அந்த மூவர்.

இரண்டாவதாக, அப்போது சங்கத்துக்கு எழுதப்பட்ட நடத்தை நெறியே கிடையாது. போவாஸ் மீறியதாகச் சொல்லப்பட்டது எந்த விதியை? சங்கத்தின் மானத்தைக் கப்பலேற்றினார் என்பதைத் தவிர வேறு குற்றச்சாட்டு எதையும் என்னால் காண முடியவில்லை. நம் ஊர்ச் சங்கங்களின் துணைவிதிகளிலும் "சங்கத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவித்தல்" என்றொரு பிரிவு தவறாமல் இருக்கும். என்னிடம் வரும் உறுப்பினர் நீக்க வழக்குகளில் பெரும்பாலானவை அந்தப் பிரிவின்கீழ் வருபவை. கணக்குக் கேட்டவர்மீதுதான் அது பாயும். ஏட்டுச்சுவடி அவர்களே, உங்கள் வரைவில் அப்படியொரு வரி இருந்தால் முதல் வேலையாக அதை அடித்துவிடுங்கள்.

---

ஏட்டுச்சுவடி

இருக்கிறது. "சங்கத்தின் மாண்புக்கு ஊறு விளைவிக்கும் செயல்கள்" என்று ஏழாவது நெறியாக இருக்கிறது. குறித்துக்கொண்டேன்.

---

கள ஆய்வாளி

எழுதப்பட்ட நெறியும் தனிக் குழுவும் இருந்தால் நிலைமை மாறிவிடுமா என்று பார்க்க 1970-க்குப் போக வேண்டும்.

இடையில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964-65-இல் அமெரிக்கத் தரைப்படை 'கேமலாட்' என்ற பெயரில் ஒரு பெரிய சமூக அறிவியல் திட்டத்தைத் தீட்டியது. வளரும் நாடுகளில் கிளர்ச்சி எப்படி மூள்கிறது, அதை எப்படி அடக்கலாம் என்பது ஆய்வுப் பொருள். அழைக்கப்பட்டவர்களில் ஒருவரான நார்வே நாட்டு சமூகவியலாளர் யோஹான் கால்டுங் சேர மறுத்து விவரத்தை வெளியே சொல்ல, சிலி நாட்டில் பெரும் கொந்தளிப்பு ஏற்பட்டு, 1965 ஜூலையில் திட்டம் கைவிடப்பட்டது. அதன் எதிரொலியாக மானிடவியல் சங்கம் 1967-இல் ஆய்வு நெறி குறித்த அறிக்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. பிறகு நெறிக்குழுவும் வந்தது.

1970-இல் வியட்நாம் போர் எதிர்ப்பு மாணவர் அமைப்பு ஒன்று தாய்லாந்தில் கிளர்ச்சி ஒடுக்கும் பணிக்கு ஆய்வாளர்கள் ஆலோசனை கூறிய ஆவணங்களை அச்சிட்டு வெளியிட்டது. கலிஃபோர்னியாவில் ஒரு பேராசிரியரின் கோப்புகளிலிருந்து அவருடைய உதவியாளர் எடுத்துக் கொடுத்த தாள்கள் அவை. நெறிக்குழுவின் தலைவர் எரிக் வுல்ஃப், உறுப்பினர் ஜோசப் ஜோர்கன்சன் இருவரும் ஆவணங்களில் பெயர் இடம்பெற்ற ஆய்வாளர்களுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் எழுதினார்கள்; தங்கள் கவலையை வெளியிலும் சொன்னார்கள். செயற்குழு என்ன செய்தது? அதிகார வரம்பை மீறிவிட்டீர்கள் என்று நெறிக்குழுவைக் கடிந்துகொண்டது. இருவரும் பதவி விலகினார்கள். பிறகு மார்கரெட் மீட் தலைமையில் ஒரு தனிக்குழு அமைக்கப்பட்டது. அது தாய்லாந்தில் வேலை செய்தவர்கள்மீது குறையில்லை என்றும் நெறிக்குழு நடந்துகொண்ட விதமே தவறு என்றும் எழுதியது. 1971-இல் நியூயார்க்கில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் அந்த அறிக்கையை ஏற்க மறுத்து வாக்களித்தார்கள். அமெரிக்க மானிடவியலின் மிகப் புகழ்பெற்ற முகமாக இருந்தவரின் அறிக்கை அவருடைய சொந்தச் சங்கத்திலேயே தோற்றது.

அதே 1971-இல்தான் தொழில்சார் பொறுப்பு நெறிகள் என்ற ஆவணம் ஏற்கப்பட்டது. நலன்கள் முரண்படும்போது ஆய்வுக்கு உள்ளாகும் மக்களின் நலனே முதன்மையானது என்றும், இரகசிய ஆய்வும் இரகசிய அறிக்கையும் கூடாது என்றும் அது தெளிவாகச் சொன்னது. 1990-இல் திருத்தியபோது இரகசியத்துக்கு எதிரான அந்தக் கண்டிப்பு தளர்ந்தது. பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, நிறுவனங்களுக்கும் அரசுத் துறைகளுக்கும் வேலை செய்யும் மானிடவியலாளர்கள் பெருகியிருந்ததே அதற்குக் காரணம். சங்கத்தில் யார் உறுப்பினரோ அவர்களின் பிழைப்புக்கு ஏற்பவே நெறி வளையும் என்று நான் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம்.

---

கல்வெட்டு

வரலாற்றுச் சங்கத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே காரணம் வேறு.

1884-இல் தோன்றிய அந்தச் சங்கத்துக்கு தொழில்முறை நடத்தை நெறி அறிக்கை உண்டு, அதைக் கவனிக்கத் தொழில்முறைப் பிரிவும் உண்டு. அந்தப் பிரிவு ஆண்டுக்கணக்கில் கருத்துத் திருட்டு முதலிய முறையீடுகளை விசாரித்துவந்தது. ஆனால் விசாரணை முழுவதும் இரகசியம். முடிவு கடிதமாக இரு தரப்புக்கும் போகும், மற்றவர்களுக்குத் தெரியாது. தண்டிக்கும் அதிகாரமும் கிடையாது, ஏனென்றால் சம்பளம் தருவது பல்கலைக்கழகம், நூலை அச்சிடுவது பதிப்பகம். முறையிட்டவருக்கும் நிறைவில்லை, குற்றம் சாட்டப்பட்டவருக்கும் நிறைவில்லை. நடுவில் ஊதியமின்றி வேலை பார்த்த வரலாற்றாசிரியர்கள் இரு நூல்களை வரிக்கு வரி ஒப்பிட்டு மாதக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள்.

2002-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் வரலாற்றெழுத்து தொடர்பான பெரிய சர்ச்சைகள் அடுத்தடுத்து வெடித்தன. ஸ்டீஃபன் ஆம்புரோஸ், டோரிஸ் கேர்ன்ஸ் குட்வின் ஆகியோரின் நூல்களில் பிறர் வாக்கியங்கள் மேற்கோள் குறியின்றி இருந்ததைச் செய்தியிதழ்கள் வெளிக்கொண்டுவந்தன. துப்பாக்கி உடைமை வரலாறு எழுதிய மைக்கேல் பெல்லசைல்ஸ் விவகாரத்தில் எமரி பல்கலைக்கழகம் வெளியாட்களைக் கொண்டு விசாரித்தது. அவர் பதவி விலகினார். கொலம்பியா பல்கலைக்கழகம் அந்த நூலுக்குத் தான் அளித்த, வரலாற்று நூல்களுக்கான பான்கிராஃப்ட் பரிசை 2002 டிசம்பரில் திரும்பப் பெற்றது. இந்த மூன்றிலும் வரலாற்றுச் சங்கத்தின் விசாரணைப் பிரிவு எங்கும் இல்லை. ஊரறிந்த விவகாரங்களில் வாய் திறக்காமல், ஊரறியாத விவகாரங்களில் இரகசியத் தீர்ப்பு எழுதுவதால் துறைக்கு என்ன பயன் என்ற கேள்வி எழுந்தது. 2003-இல் விசாரணையை நிறுத்திவிட்டு, நெறி அறிக்கையை விரிவாக்குவதிலும் கற்பிப்பதிலும் இறங்கினார்கள்.

என் கருத்தில் அவர்கள் எடுத்த முடிவு பாதிதான் சரி. நோய் இரகசியத்தில் இருந்தது. வெட்டி எறிந்ததோ விசாரணையை. தரப்பினர் பெயரை நீக்கி, ஆண்டுதோறும் முடிவுகளின் சுருக்கத்தை வெளியிட்டிருந்தால் எது கடன், எது திருட்டு என்பதற்கு இன்று ஒரு நல்ல தீர்ப்புத் தொகுப்பு இருந்திருக்கும்.

---

கொன்றை

விசாரிக்கும் அதிகாரம், நீளமான நெறி, தனிக் குழு, ஊதியம் பெறும் அலுவலர்கள் என எல்லாம் இருந்த சங்கத்தில் என்ன நடந்தது என்பதையும் பார்த்துவிடுவோம். அமெரிக்க உளவியல் சங்கத்தைச் சொல்கிறேன்.

2002-இல் அந்தச் சங்கம் தன் நெறியைத் திருத்தியபோது, நெறிக்கும் சட்டத்துக்கும் முரண்பாடு தீராவிட்டால் உளவியலாளர் சட்டத்தின்படியோ அரசு ஆணையின்படியோ நடக்கலாம் என்று ஒரு விதி நுழைந்தது. 2005-இல் தேசியப் பாதுகாப்புக்காகக் கைதிகளை விசாரிப்பதில் உளவியலாளர் பங்கேற்பதைப் பற்றி ஆராய ஒரு பணிக்குழு அமைக்கப்பட்டது. வாக்குரிமை பெற்ற உறுப்பினர்களில் பெரும்பான்மையோர் இராணுவத்தோடோ உளவுத் துறையோடோ தொடர்புடையவர்கள். அவர்கள் சில நாட்களில் கூடி, பங்கேற்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். குழுவில் இருந்த ஜீன் மரியா அரிகோ பிறகு அதை வெளிப்படையாக எதிர்த்தார். அதற்காகச் சங்கத்துக்குள்ளேயே இழித்துப் பேசப்பட்டார். அமெரிக்க இராணுவத்தின் குவாண்டனாமோ சிறைமுகாமில் கைதிகளை விசாரிப்பதில் பங்கேற்ற ஓர் உளவியலாளர்மீது 2007-இல் தரப்பட்ட முறையீட்டை நெறி அலுவலகம் ஆண்டுக்கணக்கில் வைத்திருந்து, 2013-இன் இறுதியில் மேல்நடவடிக்கை இல்லை என்று மூடியது.

2015-இல் சங்கமே அமர்த்திய வழக்கறிஞர் டேவிட் ஹாஃப்மன் தந்த அறிக்கை, சங்கத்தின் முக்கிய அலுவலர்கள் பாதுகாப்புத் துறையோடு கைகோத்து, அத்துறைக்கு இடைஞ்சல் இல்லாதபடி நெறி வாசகத்தைத் தளர்வாக வைத்துக்கொண்டார்கள் என்று கண்டது. அந்த ஆகஸ்டில் டொரன்டோவில் கூடிய பேரவை, இத்தகைய விசாரணைகளில் உளவியலாளர் பங்கேற்பதை 157-க்கு 1 என்ற வாக்கில் தடை செய்தது. அறிக்கையில் பெயர் அடிபட்ட சிலர் அவதூறு வழக்கும் தொடுத்தார்கள்.

ஆகவே, அதிகாரம் வேண்டுமா வேண்டாமா என்று மட்டும் கேட்காதீர்கள். நெறி வாசகத்தைத் திருத்தும் உரிமை யார் கையில் இருக்கிறது என்றும் கேளுங்கள். செயற்குழுவே திருத்தலாம் என்றால், நெறிக்குக் கட்டுப்பட வேண்டியவர்களே நெறியை எழுதுவார்கள்.

---

நெறியாளர்

இழைக்குத் தொடர்பில்லாத, குறிப்பிட்ட ஒரு பல்கலைக்கழகத்தின் நியமனங்கள் பற்றிய இரண்டு பதிவுகள் நீக்கப்பட்டுள்ளன. பேசுபொருளோடு நில்லுங்கள்.

---

கள ஆய்வாளி

இப்போது ஏட்டுச்சுவடி அவர்களின் கேள்விக்கு நேரடியான பதிலுக்கு வருகிறேன். 1998-ஆம் ஆண்டு நெறியோடு மானிடவியல் சங்கம் விசாரணையைக் கைவிட்டது. கற்பித்தல் எங்கள் வேலை, தீர்ப்பு எங்கள் வேலை இல்லை என்றது. இரண்டே ஆண்டில் அதற்குச் சோதனை வந்தது.

2000-இல் பாட்ரிக் டியர்னி என்ற பத்திரிகையாளரின் நூல் ஒன்று வெளிவர இருந்தது. மரபியலாளர் ஜேம்ஸ் நீலும் மானிடவியலாளர் நெப்போலியன் ஷான்யோனும் அமேசான் காட்டின் யானொமாமி மக்களிடையே செய்த ஆய்வைப் பற்றியது அது. மிகக் கடுமையான குற்றச்சாட்டு, 1968-இல் அங்கே பரவிய தட்டம்மையை அவர்கள் போட்ட தடுப்பூசி மேலும் மோசமாக்கியது என்பதே. நூல் வருமுன்பே இரு மானிடவியலாளர்கள் சங்கத் தலைமையை எச்சரித்து எழுதிய மின்னஞ்சல் கசிந்து உலகெங்கும் சுற்றியது. தடுப்பூசிக் குற்றச்சாட்டுக்கு ஆதாரமில்லை என்று மிச்சிகன் பல்கலைக்கழகமும் தேசிய அறிவியல் கழகமும் மறுத்தன. நீல் அதே ஆண்டின் தொடக்கத்திலேயே இறந்துவிட்டிருந்தார்.

சங்கம் ஜேன் ஹில் தலைமையில் ஒரு பணிக்குழு அமைத்தது. விசாரணை இல்லை, ஆய்வு மட்டுமே என்று சொல்லிக்கொண்டார்கள். ஆனால் 2002-இல் வந்த அறிக்கை ஷான்யோனின் நடத்தையைப் பெயர் சொல்லிக் குறை கூறியது. குற்றச்சாட்டுப் பத்திரம் இல்லை, எதிர்வாதத்துக்கு முறை இல்லை, மேல்முறையீடு இல்லை. எப்படி இருக்கும், சங்கம் விசாரிப்பதே இல்லை என்று விதி எழுதியாயிற்றே! 2005-இல் உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தி, 846-க்கு 338 என்ற கணக்கில் அந்த அறிக்கைக்குக் கொடுத்த ஏற்பைத் திரும்பப் பெற்றார்கள். போவாஸ் மீதான கண்டனத்தை விலக்கியதும் அதே ஆண்டில்தான் என்பதைக் கவனியுங்கள்.

விசாரணை வேண்டாம் என்று எழுதிவைப்பதால் விசாரணை நடக்காமல் போவதில்லை. செய்தியிதழ்கள் கதவைத் தட்டும் நாளில் ஏதாவது ஒரு குழுவைப் போட்டே ஆக வேண்டியிருக்கும். முன்கூட்டியே முறை வகுத்திருந்தால் அந்தக் குழு முறைப்படி நடக்கும். வகுக்காவிட்டால் அன்றைய மனநிலைப்படி நடக்கும். உங்கள் குழுவின் இரண்டாம் அணிக்கு நான் சொல்வது இவ்வளவுதான்.

---

நீர்மருது

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். கடைசிப் பதிவில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

அந்தப் பணிக்குழு அறிக்கையைத் திரும்பப் பெற்றபோது, நடைமுறைக் குறைக்காக முழு அறிக்கையும் குப்பைக்குப் போனது. ஆனால் அதில் யானொமாமி மக்களே எழுப்பிய ஒரு முறையீடு இருந்தது. 1960-களின் இறுதியில் நீலின் குழு அவர்களிடம் ஆயிரக்கணக்கில் இரத்த மாதிரிகள் எடுத்தது. பதிலுக்குக் கத்தி, பாத்திரம் போன்ற பொருள்கள் கொடுத்தார்கள். இரத்தம் பல பத்தாண்டுகள் அமெரிக்க ஆய்வகங்களின் உறைபெட்டிகளில் இருக்கும் என்று அந்த மக்களுக்கு விளங்கும்படி எவரும் சொல்லவில்லை. அவர்கள் வழக்கப்படி, இறந்தவரின் உடலோ உடைமையோ மிச்சம் வைக்காமல் அழிக்கப்பட வேண்டும். மிச்சம் இருந்தால் இறந்தவருக்கும் விடுதலை இல்லை, இருப்பவருக்கும் நிம்மதி இல்லை. கொடுத்தவர்களில் பலர் இறந்துபோய், அவர்கள் இரத்தம் மட்டும் அயல்நாட்டுக் குளிர்பெட்டியில் கிடந்தது.

தாவி கொபெனாவா போன்ற தலைவர்கள் ஆண்டுக்கணக்கில் கேட்டபிறகு, 2015-இல் 2,693 குப்பிகள் பிரேசிலுக்குத் திரும்பின. ஊரார் கூடி, அழுது, குழி தோண்டிப் புதைத்தார்கள்.

டியர்னியின் தடுப்பூசிக் கதை பொய். இரத்தக் கதை மெய். ஷான்யோனுக்கு நியாயமான விசாரணை கிடைத்ததா என்று 846 பேர் கவலைப்பட்டது சரிதான், நானும் அந்தப் பக்கமே வாக்களித்திருப்பேன். ஆனால் யானொமாமியின் முறையீட்டைச் சங்கத்தின் எந்தப் பிரிவின்கீழ், யார் பதிவு செய்திருக்க முடியும்? அவர்கள் உறுப்பினர்கள் இல்லை. ஏட்டுச்சுவடி அவர்களின் வரைவைத் திரும்பப் படியுங்கள்: "உறுப்பினர் எவரும் மற்றோர் உறுப்பினர்மீது." உங்கள் உறுப்பினர் ஒரு மலைக்கிராமத்துக்குப் போய், அந்த ஊர்ப் பாட்டியின் பாடலைப் பதிவு செய்து, பெயரில்லாமல் அச்சிட்டால் அந்தப் பாட்டி எங்கே போய் முறையிடுவார்?

---

தராசு

நீர்மருது அவர்கள் கேட்பது நியாயம். சட்டப்படி தடையும் இல்லை. ஒழுங்கு நடவடிக்கை உறுப்பினர்மீதுதான் எடுக்க முடியும், ஆனால் முறையிடுபவர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று கட்டாயம் ஏதுமில்லை. துணைவிதியில் எழுதினால் போதும்.

எனக்குள்ள அச்சம் வேறு. வெளியார் எவரும் முறையிடலாம் என்று திறந்துவிட்டால், ஆய்வு முடிவு பிடிக்காதவர்கள் எல்லாம் முறையீட்டோடு வருவார்கள். ஒரு சாதியின் வரலாற்றையோ ஒரு கோயிலின் கல்வெட்டையோ எழுதியவருக்கு என்ன நேரும் என்று நமக்குத் தெரியும். ஆகவே "பாதிக்கப்பட்டவர்" என்பதற்கு எல்லை வேண்டும்: ஆய்வில் நேரடியாகப் பங்கேற்றவர், தகவலோ பொருளோ தந்தவர், அவர்களுடைய வாரிசுகள். முடிவு தவறு என்பது முறையீடு ஆகாது. நடத்தை தவறு என்பதே முறையீடு.

---

நீர்மருது

வாரிசுகள் என்பதோடு நிறுத்தாமல் "அவர்கள் சார்ந்த ஊர் அல்லது குழுவின் சார்பாளர்" என்பதையும் சேருங்கள். இரத்தத்தைக் கேட்டு வாங்கியவர்கள் எல்லாரும் கொடுத்தவரின் நேர் வாரிசுகள் இல்லை.

---

தராசு

அதைச் சேர்த்தால் நான் சொன்ன எல்லை கரைந்துவிடும். நாளைக்கு யார் வேண்டுமானாலும் சார்பாளர் என்று வந்து நிற்பார். இதில் நமக்குள் உடன்பாடு வராது என்று நினைக்கிறேன்.

---

கொன்றை

தண்டனை பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. சங்கம் தான் கொடுத்ததை மட்டுமே திரும்பப் பெற வேண்டும், அதற்கு மேல் கை நீட்டக் கூடாது என்பது என் நிலை. பொறுப்பு, விருது, மேடை, உறுப்புரிமை, இவ்வளவுதான் அது கொடுப்பது.

அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 1863-இல் தொடங்கியது. அங்கே தேர்வானால் ஆயுள் முழுவதும் உறுப்பினர். 2019-இல் உறுப்பினர் வாக்கெடுப்பு நடத்தி, நடத்தை நெறியை மீறுபவரை நீக்கலாம் என்று துணைவிதியைத் திருத்தினார்கள். பாலியல் தொல்லை விவகாரங்களே அதற்குத் தூண்டுதல். 2021-இல் முதன்முறையாக இருவர் நீக்கப்பட்டார்கள். இரு வழக்கிலும் அவரவர் பல்கலைக்கழகம் ஏற்கெனவே விசாரித்து உண்மை என்று கண்டிருந்தது. கழகம் சாட்சிகளைப் புதிதாக வரவழைக்க வேண்டியிருக்கவில்லை. சிறிய சங்கத்துக்கு இது நல்ல வழி. உண்மையைக் கண்டறியும் ஆற்றல் உள்ள அமைப்பு கண்டறியட்டும். அந்த முடிவின்மீது உறுப்புரிமை பற்றி மட்டும் சங்கம் தீர்மானிக்கட்டும். பாலியல் தொல்லையில் நம் நாட்டில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளகப் புகார்க் குழுவுக்கு உள்ள அதிகாரம் உங்கள் செயற்குழுவுக்குக் கிடையாது. அதைத் தனக்கு இருப்பதாகப் பாவித்து யாரும் சமரசக் கூட்டம் நடத்திவிடக் கூடாது.

---

கல்வெட்டு

கொன்றை அவர்கள் சொல்வதை ஏற்கிறேன், ஒரு விலக்கோடு. கருத்துத் திருட்டில் பல்கலைக்கழகம் கண்டறியும் என்று காத்திருந்தால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டும். தன் பேராசிரியரைக் காப்பாற்றுவதில் நிறுவனத்துக்கு உள்ள அக்கறை நமக்குத் தெரியாததில்லை. மாணவரின் ஆய்வேட்டு இயல் வழிகாட்டியின் பெயரில் கட்டுரையாக வெளிவந்து, அந்தக் கட்டுரையே அவருடைய பதவி உயர்வுக் கோப்பில் இடம்பெறுவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த மாணவர் அதே துறையில்தான் வாய்மொழித் தேர்வுக்கு உட்கார வேண்டும்; அங்கே போய் முறையிடுவாரா? இரண்டு பிரதிகளை அருகருகே வைத்து ஒப்பிட சாட்சிகள் தேவையில்லை, துறை அறிவு போதும். அது சங்கத்திடம்தான் இருக்கிறது.

---

ஏட்டுச்சுவடி

எல்லாருக்கும் நன்றி. நேற்றுக் குழுவில் இவற்றை வைத்தேன். இரண்டரை மணிநேரம் போனது. இப்போதைய வாசகம்:

"சங்க உறுப்பினரின் ஆய்வில் பங்கேற்றவர், தகவலோ பொருளோ தந்தவர், அவர்களின் வாரிசுகள், அவரிடம் பயிலும் அல்லது பயின்ற மாணவர், மற்ற உறுப்பினர் ஆகிய எவரும் அவருடைய நடத்தை குறித்து எழுத்துமூலமோ, எழுத இயலாதவர் வாய்மொழியாகவோ நெறிக்குழுவிடம் முறையிடலாம். நெறிக்குழுவைப் பொதுக்குழு நேரடியாகத் தேர்ந்தெடுக்கும். செயற்குழு உறுப்பினர் எவரும் அதில் இடம்பெறலாகாது. முறையீட்டில் தொடர்புடையவரும், தொடர்புடையவராகச் சுட்டப்படத்தக்கவரும் அது பற்றிய விவாதத்திலோ வாக்கெடுப்பிலோ பங்கேற்கலாகாது. முடிவின் சுருக்கம், தரப்பினரின் பெயரின்றி, ஆண்டறிக்கையில் வெளியிடப்படும். இந்தப் பிரிவைப் பொதுக்குழுவின் மூன்றில் இரண்டு பங்கு வாக்கின்றித் திருத்த இயலாது."

சங்கத்தின் மாண்பு பற்றிய ஏழாவது நெறி நீக்கப்பட்டது. ஒருவர் மட்டும் எதிர்த்தார். ஊர் அல்லது குழுவின் சார்பாளர் முறையிடுவது பற்றி முடிவாகவில்லை, நான்குக்கு நான்காக நின்றுவிட்டது. பொதுக்குழுவுக்கு இரண்டு வாசகங்களாகவே அனுப்புகிறோம். கருத்துத் திருட்டுக்குக் கல்வெட்டு அவர்கள் கேட்ட விலக்கு ஏற்கப்பட்டது. ஒப்பிடும் இருவரில் ஒருவர் வேறு மாநிலத்தவராக இருக்க வேண்டும் என்று சேர்த்திருக்கிறோம்.

---

தராசு

"தொடர்புடையவராகச் சுட்டப்படத்தக்கவர்" என்பது நல்ல நோக்கத்தோடு எழுதப்பட்டது, ஆனால் நீதிமன்றத்தில் நிற்காது. அதற்குப் பதிலாக, வாக்களிக்கும் ஒவ்வொருவரும் தமக்கு அந்த முறையீட்டில் தொடர்பில்லை என்று கையெழுத்திட்டுத் தர வேண்டும் என்று எழுதுங்கள். பொய் உறுதிமொழி தந்தது பிறகு தெரியவந்தால் அதுவே தனி நெறிமீறல் ஆகும். பதிவாளரிடம் திருத்தத்தைப் பதிவு செய்யும்போது பொதுக்குழுத் தீர்மானத்தின் சான்றிட்ட நகலும் கேட்பார்கள், அன்றே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.